சீனத் தொடர்கள்: நீளம், இழுவை, முடிவு

ஒரு வாசகரின் கேள்வி (4 ஜனவரி 2025)

சில மாதங்களாகச் சீனத் தொடர்களை விடாமல் பார்த்து வருகிறேன். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். முதல் பத்துப் பகுதிகள் கட்டிப்போடுகின்றன, நடுவில் இருபது பகுதிகள் இழுவையாகப் போகின்றன, கடைசி இரண்டு பகுதிகளில் எல்லாவற்றையும் அள்ளி முடிந்துவிடுகிறார்கள். அதிலும் பாதித் தொடர்களில் நாயகனோ நாயகியோ இறந்துபோகிறார்கள். இத்தனை இரவுகள் கண்விழித்துப் பார்த்தவர்களுக்கு இதுதானா பலன்? முப்பதாவது பகுதியோடு நிறுத்திக்கொள்வதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

4 ஜனவரி 2025, இரவு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நீளம் வேறு, இழுவை வேறு. ஒரு கதாபாத்திரம் ஏதேனும் ஒன்றை முடிவுசெய்துகொண்டே இருக்கும்வரை தொடர் எவ்வளவு நீண்டாலும் நான் அலுத்துக்கொள்வதில்லை. முடிவெடுப்பதை விட்டுவிட்டு, தங்களுக்கு என்ன நேரப்போகிறது என்று பாத்திரங்கள் காத்திருக்கத் தொடங்கும் இடத்தில்தான் இழுவை தொடங்குகிறது.

'நிர்வாணா இன் ஃபயர்' (2015) 54 பகுதிகள் கொண்டது. தொடக்கத்தில் இளவரசர்கள், தளபதிகள், அமைச்சர்கள் என்று பெயர்கள் வந்து குவியும். யாருக்கு யார் என்ன உறவு என்பது பிடிபடாமல் நானும் ஒருமுறை அதைப் பாதியில் விட்டிருக்கிறேன். பொய்யான துரோகக் குற்றச்சாட்டினால் எழுபதாயிரம் வீரர்களைக் கொண்ட ச்சியென் படை மெய்லிங் மலையில் அழிக்கப்படுகிறது. அதில் உயிர்தப்பிய லின் ஷு, முகமும் உடலும் மாறிப்போய், மெய் சாங்சூ என்ற பெயரில் பல ஆண்டுகள் கழித்துத் தலைநகரத்துக்குத் திரும்புகிறான். உயிர்த்தோழன் இளவரசன் ஜிங்யானுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை.

இந்தத் தொடரின் நிதானம் எதற்காக என்பதை ஒரு புத்தகம் எனக்குப் புரியவைத்தது. மெய் சாங்சூவிடம் இருந்த ஒரு பயண நூல் ஜிங்யான் வழியாக அவனுடைய தாயின் கைக்குப் போகிறது. பக்க ஓரங்களில் மெய் சாங்சூ குறிப்புகள் எழுதியிருக்கிறான். அவற்றில் சில எழுத்துகளில் மட்டும் ஒரு கோடு குறைகிறது. பெற்றோரின் பெயரில் வரும் எழுத்தை முழுமையாக எழுதாமல் மரியாதைக்காக ஒரு கோட்டை விட்டு எழுதுவது பழைய சீன வழக்கம். எழுதியவன் யாருடைய மகன் என்பதை அந்தத் தாய் அங்கேயே உணர்ந்துவிடுகிறாள். அதே நூலைக் கையில் சுமந்து வந்த மகனுக்கு ஒன்றும் புலப்படவில்லை. யாரும் அழுவதில்லை, பின்னணி இசை அலறுவதில்லை; ஒரு பெண் ஒரு பக்கத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய பகுதிகள் அவசரமாக ஓடியிருந்தால் இந்தக் காட்சி வெறும் தகவலாகத்தான் நின்றிருக்கும்.

5 ஜனவரி 2025

இழுவைக்கு வணிகக் காரணம் ஒன்றும் உண்டு. சீனத் தொலைக்காட்சி நிலையங்கள் தொடர்களைப் பகுதிக் கணக்கில் விலைபேசி வாங்கிவந்தன. முதன்மை நேரத்தில் ஒரு தொடரை இரண்டு செயற்கைக்கோள் அலைவரிசைகளுக்கு மேல் ஒளிபரப்பக் கூடாது, ஓர் இரவுக்கு இரண்டு பகுதிகளுக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கும் நிலையங்களின் எண்ணிக்கை குறைந்தபோது, போட்ட பணத்தை எடுக்கத் தயாரிப்பாளர்களுக்கு இருந்த எளிய வழி பகுதிகளைக் கூட்டுவது. ஒரே நினைவுகூரல் காட்சி நான்கு முறை வருவதும், கண்ணும் கண்ணும் சந்திக்கும் கணத்தை மெதுவாக்கி ஒரு முழுப் பாட்டுக்கு இழுப்பதும் பெருமளவு இந்தக் கணக்கின் விளைவுகள். 2020 பிப்ரவரியில் ஒளிபரப்புத் துறை தலையிட்டு, தொடர்கள் 40 பகுதிகளைத் தாண்ட வேண்டாம் என்றும், 30 பகுதிகளுக்குள் முடிப்பதை ஊக்குவிப்பதாகவும் அறிவித்தது.

7 ஜனவரி 2025

அப்படியானால் 2020க்குப் பிறகு சிக்கல் தீர்ந்துவிட்டதே என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். தீரவில்லை என்பதற்கு 'த நாக்அவுட்' (2023) போதுமான சான்று. அது 39 பகுதிகளில் முடிகிறது.

கதை 2000, 2006, 2021 என்று மூன்று காலகட்டங்களில் நடக்கிறது. முதற்காலம் அபாரமானது. மீன் விற்கும் காவ் ச்சிச்சியாங் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் அடிபட்டுக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான். இளம் காவலர் ஆன் சின் அவனுக்குக் கொழுக்கட்டை சாப்பிடக் கொடுக்கிறார். அவன் குனிந்து சாப்பிடுவதை ஜாங் சொங்வென் நடித்திருக்கும் விதத்தில் பயம், பசி, நன்றி, அவமானம் எல்லாம் ஒரே முகத்தில் தெரிகின்றன. அந்த மனிதன் ஒரு நகரத்தையே கைக்குள் வைத்திருக்கும் ரவுடியாகப் படிப்படியாக மாறுவதை நாம் பார்க்கிறோம். ஒவ்வொரு படியிலும் அவன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான்.

2021க்கு வந்ததும் அந்தத் தேர்வுகள் நின்றுவிடுகின்றன. மேலிடத்து விசாரணைக் குழு வருகிறது, வாக்குமூலங்கள் வாங்கப்படுகின்றன, குற்றவாளிகள் வரிசையாகப் பிடிபடுகிறார்கள். காவ் ச்சிச்சியாங் இங்கே நடப்பதை எதிர்கொள்பவனாக மட்டும் சுருங்கிப்போகிறான். ஆகவே இறுதியில் அவனுக்குக் கிடைக்கும் தண்டனை நியாயமானதாக இருந்தும் என் மனத்தில் எதையும் அசைக்கவில்லை. இதில் குறை பகுதிகளின் எண்ணிக்கையில் இல்லை.

8 ஜனவரி 2025

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்க்கிறேன். சீனத் தொடர்கள் பொதுவாக முழுவதும் எடுத்து முடிக்கப்பட்டு, தணிக்கை தாண்டி, உரிமம் பெற்ற பிறகே ஒளிபரப்பாகின்றன. ஆகையால் பார்வையாளர் கூட்டம் குறைந்ததால் முடிவை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு பெரும்பாலும் பொருந்தாது. குற்றவாளி தப்பக் கூடாது என்ற எதிர்பார்ப்பு தணிக்கையில் இருப்பதால், குற்றத் தொடர்களின் முடிவில் இன்னாருக்கு இத்தனை ஆண்டுச் சிறை என்று எழுத்தில் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. 'த நாக்அவுட்' வெளியானபோது பல இடங்களில் வாயசைவும் குரலும் பொருந்தவில்லை என்பதைச் சீனப் பார்வையாளர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். படப்பிடிப்புக்குப் பிறகு வசனம் மாற்றப்பட்ட இடங்கள் அவை. அவசரமான முடிவைப் பார்க்கும்போது எழுத்தாளரை மட்டும் திட்டுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

11 ஜனவரி 2025

இப்போது மரணங்களுக்கு வருகிறேன். இது எனக்கு மிக நெருக்கமான விஷயம் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். 'நிர்வாணா இன் ஃபயர்' பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிச் செல்லலாம்.

அந்தத் தொடரின் உச்சம் போர் அல்ல, பேரரசரின் பிறந்தநாள் விருந்து. லியாங் இளவரசி, தன் கணவர் எழுதிவைத்த குற்ற ஒப்புதலை அவை நடுவே வாசிக்கிறாள். வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து முன்னே வருகிறார்கள். பேரரசரின் பக்கம் யாரும் மிஞ்சவில்லை. ச்சியென் படையின் பெயர் துலங்குகிறது. பல பார்வையாளர்கள் இங்கேயே தொடர் முடிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதன் பிறகு எல்லைகளில் திடீரென்று பகைவர் படையெடுப்பதும், நாயகன் மூன்று மாதம் மட்டும் உடல்வலிமை தரும் மருந்தை உட்கொண்டு வடதிசைப் போருக்குப் புறப்படுவதும், திரும்பாமலே போவதும் ஒட்டவைத்ததுபோல் இருப்பதாகக் குறை சொல்கிறார்கள்.

படையெடுப்பு திடீரென்று வருகிறது என்பதை நானும் ஏற்கிறேன். நான்கு திசைகளில் இருந்தும் ஒரே நேரத்தில் போர் மூள்வதற்கு இன்னும் முன்பே விதை போட்டிருக்கலாம். ஆனால் நாயகனின் முடிவு திடீரென்று வந்ததல்ல. அந்த மனிதன் தொடர் முழுவதும் தன்னை வெறுத்துக்கொண்டே இருக்கிறான். போர்க்களத்தில் வளர்ந்த ஒருவன், பேனா பிடிக்கும்போது கை நடுங்கும் நோயாளியாக, இருட்டறையில் இருந்து சூழ்ச்சி செய்பவனாக வாழ வேண்டியிருக்கிறது. முன்பு அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட நிஹுவாங் இளவரசி அவனை அடையாளம் கண்டபோதும் அவளிடம் அவனால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுபதாயிரம் பேரின் பெயரை மீட்ட பிறகு அவனுக்குத் தேவையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சாவதற்கு முன் ஒருமுறையாவது மெய் சாங்சூவாக இல்லாமல் லின் ஷுவாகக் குதிரை ஏற வேண்டும். கடைசிப் பகுதியில் அவன் கவசம் அணிந்து வரும்போது நடையே மாறியிருக்கிறது, தோள் நிமிர்ந்திருக்கிறது. ஹு கெ அந்த ஒரு நடையில், 53 பகுதிகளாகத் தான் அடக்கிவைத்திருந்த உடல்மொழி முழுவதையும் அவிழ்த்துவிடுகிறார். 2006இல் கார் விபத்தில் முகம் சிதைந்து, சிகிச்சைக்குப் பின் திரைக்குத் திரும்பிய நடிகர் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு, முகம் மாறிய மனிதனின் இந்தக் கதை இன்னும் ஆழமாகத் தைக்கும்.

சாவைத் திரையில் காட்டவும் இல்லை. ஜிங்யான் புதிய படைப்பிரிவுக்குச் சாங்லின் என்று பெயர் வைக்கிறான். மெய் சாங்சூவின் பெயரில் இருந்து ஓர் எழுத்து, லின் ஷுவின் பெயரில் இருந்து ஓர் எழுத்து. இதைவிட நல்ல முடிவு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

12 ஜனவரி 2025

'எடர்னல் லவ்' (2017) போன்ற தேவலோகக் கதைகளையும் இதில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அவற்றை நான் வேறு கணக்கில் வைக்கிறேன். மூன்று பிறவிகளில் நடக்கும் காதலில் மரணம் என்பது ஒரு கதவு மட்டுமே; நாயகி பாய் ச்சியென் தேவர்களைத் தண்டிக்கும் மேடையிலிருந்து குதிக்கும் காட்சி மனத்தை உலுக்கினாலும், அவள் திரும்ப வருவாள் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தொடர் 58 பகுதிகளில் சோர்வு தருவதற்கும் இதுவே காரணம். எதையும் நிரந்தரமாக இழக்க முடியாத உலகத்தில் தேர்வுகளுக்குக் கனம் இருப்பதில்லை.

18 ஜனவரி 2025

கதாபாத்திரங்களைப் பற்றிப் பேச 2018ஐப் போல் வாய்த்த ஆண்டு வேறில்லை. 'ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்' 70 பகுதிகளோடு ஜூலையில் வந்தது; அது முடிவதற்குள்ளாகவே ஆகஸ்டில் 'ரூயீஸ் ராயல் லவ் இன் த பேலஸ்' 87 பகுதிகளோடு தொடங்கியது. இரண்டும் ச்சியென்லுங் பேரரசரின் அந்தப்புரம், அதே வரலாற்று மனிதர்கள். முதல் தொடரில் நாயகியாக வரும் வெய் குலத்துப் பெண் இரண்டாவதில் வில்லி. முதல் தொடரில் கடைசி எதிரியாக வரும் நாரா குலத்து அரசி இரண்டாவதில் நாயகி.

யான்ஷியின் வெய் யிங்லுவோ வேகத்தால் நம்மை வெல்கிறாள். ஒருத்தி அவமதித்தால் அடுத்த பகுதிக்குள் பதிலடி விழுகிறது, பிறகு அடுத்த எதிரி. ஆனால் ஃபுச்சா அரசி மதிலில் இருந்து குதித்து உயிர்விட்ட பிறகு என் ஈடுபாடு பாதியாகக் குறைந்துவிட்டது. யிங்லுவோவுக்குள் இருந்த மென்மை முழுவதும் அந்த அரசியிடம்தான் இருந்தது. அவள் போன பிறகு நாயகி வெற்றிகளை அடுக்கிக்கொண்டே போகிறாள். அந்த வெற்றிகளால் அவள் என்ன ஆனாள் என்பதைத் தொடர் கேட்பதில்லை. ஷார்மெய்ன் ஷே நடித்த நாரா அரசி மட்டும் கடைசிவரை வளர்ந்துகொண்டே போகிறார், அதுவும் அழிவை நோக்கி. வில்லியின் பாதை நாயகியின் பாதையைவிடத் தெளிவாக எழுதப்பட்ட தொடர் அது.

ரூயீயின் சிக்கல் நேர் எதிரானது. 1765இல் தென்திசைப் பயணத்தின்போது நாரா அரசி தன் கூந்தலை வெட்டிக்கொண்டதும், மறு ஆண்டே இறந்து, அரசிக்குரிய மரியாதை இல்லாமல் புதைக்கப்பட்டதும் வரலாறு. அந்தக் கத்தரிப்பை நோக்கியே 87 பகுதிகளும் நகர்கின்றன. ரூயீ என்ற அந்த அரசியாக நடிக்கும் ஜோ ஷுன் ஒவ்வொரு ஏமாற்றத்தையும் கண்ணுக்குள் வாங்கிக்கொள்கிறார். அன்பு ஒரேயடியாக முறிவதில்லை, நூல் நூலாக அறுகிறது. ஆனால் நடுவில் பல பகுதிகளில் ரூயீ பழியைத் தாங்கிக்கொண்டு வெறுமனே நிற்கிறாள். முதல் நாள் எழுதிய அளவுகோலை வைத்தே சொல்கிறேன்: அந்த இடங்கள் இழுவைதான். முடிவு உன்னதமாக இருப்பதால் அவை மன்னிக்கப்படுவதில்லை.

19 ஜனவரி 2025

இந்த வகையின் தாய் 'எம்பிரஸஸ் இன் த பேலஸ்' (2011). 76 பகுதிகளைக் கொண்ட அதை 2015இல் அமெரிக்காவில் ஆறு நீண்ட பகுதிகளாக வெட்டிச் சுருக்கி நெட்ஃபிளிக்ஸில் வெளியிட்டார்கள். சுருக்கினால் என்ன போய்விடும் என்று கேட்டவருக்கு இதுதான் என் பதில். பேரரசரின் மரணப் படுக்கையில், உன் குழந்தை என்னுடையதா என்று அவர் நாயகி ஜென் ஹுவானிடம் கேட்கிறார். நாட்டு மக்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகள்தானே, அவனும் அப்படித்தான் என்று அவள் சொல்கிறாள். ஒரு வசையும் இல்லை, குரல் உயரவும் இல்லை. தான் வேறொரு பெண்ணின் சாயலுக்காகவே நேசிக்கப்பட்டவள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் சேர்த்துவைத்த அனைத்தும் அந்த வாசகத்தின் பணிவுக்குள் அடங்கியிருக்கிறது. அந்தப் பணிவை அவள் கற்றுக்கொண்ட நாள்களை வெட்டி எறிந்துவிட்டால், அது சாமர்த்தியமான ஒரு வசனம் மட்டுமே.

26 ஜனவரி 2025

அரண்மனைகளை விட்டு வெளியே வருவோம். 'ஆல் இஸ் வெல்' (2019) சூஜோ நகரத்துக் குடும்பம் ஒன்றின் கதை, 46 பகுதிகள். இதை நான் அம்மாவோடு பார்த்தேன்; அவருக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்கச் சிரமம் என்பதால் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தாய் முதல் பகுதியிலேயே இறந்துவிடுகிறாள். மகன்களுக்காக வீட்டை அறை அறையாக விற்ற அவள், மகள் மிங்யூவின் படிப்புக்கு மட்டும் கை விரித்தவள். தந்தை சு தாச்சியாங் அதையெல்லாம் வாய்திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர். மனைவி போனதும் பிள்ளைகளை ஆட்டிவைக்கும் அடம்பிடித்த கிழவராக மாறுகிறார். நி தாஹுங்கின் நடிப்பு அப்படியே நம் உறவினர் ஒருவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. அம்மா பல இடங்களில் சிரித்தார், சில இடங்களில் சிரிப்பை நிறுத்திவிட்டார். சிறிய அண்ணன் தங்கையை அடித்து மருத்துவமனையில் படுக்கவைக்கும் பகுதிக்குப் பிறகு, அன்றைக்குப் போதும் என்று எழுந்துபோய்விட்டார்.

இவ்வளவு துணிச்சலாகப் போன தொடர், இறுதியில் தந்தைக்கு மறதி நோய் வந்ததும் மிங்யூவை வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளச் செய்கிறது. சீனாவில் இந்த முடிவு பெரும் விவாதமானது. குடும்பம் ஒன்றுசேர்ந்தே ஆக வேண்டும் என்பதற்காக மகளின் காயத்தைச் சமாதானப்படுத்திவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். நானும் அந்தப் பக்கமே. ஆனாலும் ஒரு காட்சியை என்னால் தள்ளிவிட முடியவில்லை. எல்லாவற்றையும் மறந்துபோன தந்தை, மிங்யூவுக்கு வேண்டும் என்று பயிற்சி நூலை வாங்கிக்கொண்டு வருகிறார். பள்ளி நாள்களில் அவள் கேட்டு, வீட்டில் மறுக்கப்பட்ட நூல் அது. அந்தக் காட்சி தனக்கான இடத்தைச் சம்பாதித்திருக்கிறது, வேலையை விடும் முடிவு சம்பாதிக்கவில்லை. அம்மா கேட்டதும் இதைத்தான்: "புத்தகம் வாங்கி வந்தார், சரி. அதுக்கு அவள் ஏன் வேலையை விடணும்? அண்ணன்மார் இருக்கிறார்களே."

2 பிப்ரவரி 2025

12 பகுதித் தொடர்கள் வந்த பிறகு நீண்ட தொடர்களுக்கு இனி வேலை இல்லை என்று எழுதியவருக்காக இது.

'த பேட் கிட்ஸ்' (2020), 'த லாங் சீசன்' (2023) இரண்டையும் ஷின் ஷுவாங் இயக்கினார், இரண்டும் 12 பகுதிகள். முதலாவது, மாமனார் மாமியாரை மலையுச்சியில் இருந்து தள்ளிவிடும் கணித ஆசிரியரோடு தொடங்கி, கடைசிவரை நெருக்கிப் பிடிக்கிறது. அதன் முடிவை இரண்டு விதமாகவும் படிக்கலாம். பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட் பற்றிய காதல் கதைக்கு இனிய வடிவம் ஒன்றும் கசப்பான வடிவம் ஒன்றும் தொடருக்குள்ளேயே சொல்லப்படுகின்றன. விரும்பினால் இனியதை நம்பிக்கொள் என்பதாகவே தொடர் நம்மை விடுகிறது. மூல நாவல், கதையின் மையமான சிறுவனின் குற்றத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தணிக்கைக்கு இடம்கொடுத்தும் பார்வையாளரை ஏமாற்றாத முடிவு இது என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு.

'த லாங் சீசன்' அதைவிட மெதுவானது. ரயில் ஓட்டுநராக இருந்து டாக்சி ஓட்டும் வாங் ஷியாங், மகனை இழந்த 1998ஐ விட்டு 2016இலும் வெளியே வர முடியாமல் இருக்கிறார். உருக்காலை நலிந்து ஆட்குறைப்பு நடந்த வடகிழக்குச் சீனத்து நகரம். தொங்கும் வயிறு, பழைய பகை, வெட்டிப் பேச்சு. துப்பறியும் கதை என்று வந்தவர்களுக்கு நான்காவது பகுதிவரை பொறுமை வேண்டும். வாங் ஷியாங்கின் நண்பர் குங் பியாவோவுக்குக் கடைசியில் பரிசுச்சீட்டு விழுந்து, அந்த மகிழ்ச்சியிலேயே காரோடு அவர் சாவது நியாயமில்லை என்று பலர் வருந்தினார்கள். எனக்கும் வருத்தமே. ஆனால் அந்த மனிதர் வாழ்க்கை முழுவதும் அதிர்ஷ்டத்துக்கு ஓரடி தள்ளியே நின்றவர். வேறு விதமாக முடித்திருந்தால் அவர் வேறொருவராகியிருப்பார். சோளக்காட்டின் நடுவே வாங் ஷியாங், ரயிலை ஓட்டிவரும் இளம் வயதுத் தன்னைப் பார்த்து, முன்னால் பார், திரும்பிப் பார்க்காதே என்று கத்துகிறார். வாங் ஷியாங்காக நடித்த ஃபான் வெய்யை நகைச்சுவை நடிகராக மட்டும் அறிந்தவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

ஆகவே பகுதிகளைக் குறைத்தால் வேகம் தானாக வந்துவிடும் என்பதும் இல்லை, வர வேண்டும் என்பதும் இல்லை.

9 பிப்ரவரி 2025

முடிவே இல்லாத முடிவுகளையும் குறிப்பிட வேண்டும். 'ஜாய் ஆஃப் லைஃப்' முதல் பாகம் (2019, 46 பகுதிகள்) நாயகன் ஃபான் ஷியென் குத்துப்படுவதோடு நின்றது. இரண்டாம் பாகம் (36 பகுதிகள்) வந்தது 2024 மே மாதத்தில். அந்த முதல் பாகம் ஒளிபரப்பானபோதுதான், சந்தா கட்டியவர்களிடமே அடுத்த பகுதிகளை முன்கூட்டிக் காட்ட இன்னொரு கட்டணம் கேட்கும் முறை பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. சந்தாதாரர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2020இல் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 அக்டோபரில் பெரிய தளங்கள் அந்த முறையைக் கைவிட்டன. பகுதிக்குப் பகுதி கட்டணம் என்றால், ஒவ்வொரு பகுதியும் ஒரு கத்திக்குத்தோடு முடியத்தான் செய்யும்.

10 பிப்ரவரி 2025

யான்ஷி, ரூயீ இரண்டில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். யான்ஷியை முதலில் பாருங்கள். நாரா அரசியை வில்லியாக வெறுத்த பிறகு ரூயீக்குப் போனால், அந்தக் கத்தரிக்கோல் காட்சி இரட்டிப்பாக வலிக்கும். ரூயீயில் நடுப்பகுதி தாங்கவில்லை என்றால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாம். கடைசிப் பகுதிகளை மட்டும் அப்படிப் பார்க்காதீர்கள். ஜோ ஷுன் பேசாமல் இருக்கும் இடங்களில்தான் எல்லாம் நடக்கிறது.